கருவி வந்தது, குழந்தை பிழைத்ததா?

குழந்தைகள் மருத்துவமனையில் புதுக் கட்டடம் திறக்கும்போதும், மருத்துவத் தொழில்நுட்ப மாநாடு நடக்கும்போதும் தவறாமல் ஒரு பேச்சு கேட்கும். குழந்தை மருத்துவம் பின்தங்கிக் கிடக்கிறதாம். பெரியவர்களுக்கு வந்த கருவிகளும் மென்பொருள்களும் குழந்தைகளுக்கு வரவில்லையாம். டாக்டர்களும் நர்ஸுகளும் புதியதைக் கண்டாலே தயங்குகிறார்களாம். பொறியாளர்களையும் ஸ்டார்ட்-அப் இளைஞர்களையும் முதலீட்டையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டுவந்து சட்டென்று இறக்கிவிட்டால் குழந்தைச் சாவு குறைந்துவிடுமாம். யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை. மறுக்கிறவருக்குப் பழமைவாதி என்ற பட்டம் காத்திருக்கிறது.

நான் மறுக்கிறேன். குழந்தைகளுக்கென்று அளவெடுத்துச் செய்த கருவிகள் குறைவு என்பது உண்மை. அதில் சண்டை இல்லை. ஆனால் புதுமை என்பது வெளியே தயாராகி வார்டுக்குள் இறக்கப்படும் சரக்கு என்ற எண்ணம் அடிப்படையிலேயே பிழை. குழந்தைகளைக் காத்த எத்தனையோ புதுமைகள் கட்டிலருகே பிறந்தவை. வேறிடத்தில் பிறந்தவையும் கட்டிலருகே சோதித்த பிறகுதான் மருந்தாயின, கருவியாயின. அங்கே பார்க்கிற கண்ணும் செய்கிற கையும் போதிய நேரமும் இல்லாவிட்டால், ஓரிடத்தில் உயிர் காத்த அதே கருவி இன்னோரிடத்தில் சாவைக் கூட்டியிருக்கிறது. ஆத்திரத்தில் சொல்லும் வார்த்தை இல்லை இது. மருத்துவ இதழ்களில் எண்ணிக்கையோடு அச்சேறிய செய்தி.

2002 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை, மருந்து உத்தரவுகள் அனைத்தையும் கணினிக்கு மாற்றியது. காகிதத்தில் எழுதுவது நின்றது, எல்லாம் திரையில்தான். நோக்கத்தில் குற்றம் காண முடியாது. பெரியவருக்கு ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரை. குழந்தைக்கோ கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டாக வேண்டும். புள்ளி ஓரிடம் தள்ளிப் போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். கிறுக்கல் கையெழுத்து ஒழிந்தால் அந்தப் பிழை குறையும் என்று நம்பியதில் நியாயம் இருந்தது. ஆறே நாட்களில் மருத்துவமனை முழுக்க மாறிவிட்டது.

வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு அங்கே வந்து சேர்ந்த குழந்தைகளின் கணக்கை அந்த மருத்துவமனையின் மருத்துவர்களே எடுத்தார்கள். மாற்றத்துக்கு முந்தைய 13 மாதங்களில் வந்த 1,394 குழந்தைகளில் 39 பேர் இறந்திருந்தார்கள். 2.80 சதவீதம். மாற்றத்துக்குப் பிந்தைய 5 மாதங்களில் வந்த 548 பேரில் 36 பேர். 6.57 சதவீதம். நோயின் கடுமை முதலான வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தக் கூடுதல் ஆபத்து மறையவில்லை. 2005 டிசம்பரில் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் அதைத் தங்கள் பெயரிலேயே வெளியிட்டார்கள். தன் வீட்டுச் சாவை இப்படிப் பொதுவில் எண்ணிக்காட்டிய அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

என்னதான் நடந்தது? முன்பெல்லாம் குழந்தையை ஏற்றிவரும் குழு வழியிலிருந்தே பேசும். என்ன நிலைமை, எத்தனை கிலோ, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்லும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் உடனே உத்தரவு எழுதுவார். குழந்தை வாசலுக்கு வரும்போது மருந்து கலந்து, பம்பில் ஏற்றி, கட்டிலருகே தயாராக இருக்கும். புதிய மென்பொருளில் குழந்தை நேரில் வந்து சேர்ந்து, பதிவு முடிந்த பிறகுதான் உத்தரவே போட முடியும். முன்பு சில நொடிகளில் எழுதி முடித்த ஓர் உத்தரவுக்கு இப்போது பத்து கிளிக், ஒன்றிரண்டு நிமிடம். பக்கத்திலேயே இருந்த மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன. குழந்தை உயிருக்குப் போராடும் முதல் மணி நேரத்தில் ஒரு மருத்துவர் திரை முன்னால் உட்கார்ந்தே தீரவேண்டியதாயிற்று. உத்தரவை ஏற்றுப் பதிவதற்காக நர்ஸும் கட்டிலை விட்டு இன்னொரு திரைக்குப் போனார். குழந்தையிடம் இருந்த கைகள் குறைந்தன.

மென்பொருள்தான் கொன்றது என்று அந்த ஆய்வு தீர்ப்பெழுதவில்லை. முன்-பின் ஒப்பீட்டில் அப்படி எழுதவும் முடியாது. ஆனால் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை செய்ததைப் பாருங்கள். அதே நிறுவனத்தின் மென்பொருளைத்தான் அவர்களும் வாங்கினார்கள். பிட்ஸ்பர்க்கில் எது இடறியது என்று கேட்டறிந்தார்கள். தீவிர சிகிச்சைக்கு அடிக்கடி தேவைப்படும் உத்தரவுகளைத் தொகுப்புகளாக முன்கூட்டியே அமைத்து வைத்துக்கொண்டு பிறகு தொடங்கினார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் சாவு கூடவில்லை. மென்பொருள் அதேதான். வார்டின் வேலையை முதலில் படித்தார்களா, மென்பொருளை முதலில் இறக்கினார்களா என்பதில்தான் வித்தியாசம்.

இதைச் சொன்னதும் எதிரே ஒரு பதில் வரும்: தொழில்நுட்பத்தில் கோளாறு இல்லை, ஊழியர்கள்தான் ஒத்துழைப்பதில்லை, பயிற்சி போதவில்லை. இந்தப் பதில்மீது எனக்குக் கோபமே உண்டு. பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் கட்டிலருகே கேமரா வைத்து, மானிட்டர்கள் அடிக்கும் அலாரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அடித்த அலாரங்களில் 87.1 சதவீதத்துக்கும், பொது வார்டில் அடித்தவற்றில் 99 சதவீதத்துக்கும் யாரும் எதுவும் செய்யத் தேவையே இருக்கவில்லை. வெற்று அலாரம் கூடக் கூட, அடுத்த அலாரத்துக்கு நர்ஸ் வந்து சேரும் நேரமும் நீண்டது. குழந்தை காலை உதைத்தால் சென்சார் நழுவும், அலாரம் அடிக்கும். அழுதால் அடிக்கும். பால் குடித்தாலும் அடிக்கும். நூறு தடவை பொய் சொன்ன ஒன்றை நூற்றியோராவது தடவை உடனே நம்பவில்லை என்று ஒரு நர்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? அவர் எதையும் எதிர்க்கவில்லை. ஒரே ஆள் ஒரே இரவில் எத்தனை பக்கம் ஓட முடியுமோ அத்தனை பக்கம் ஓடுகிறார்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சுமையைக் குறைக்கும் என்கிறார்கள். குறைக்கட்டும், நிரூபித்துவிட்டு வரட்டும். அமெரிக்காவில் ஏராளமான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த நோய்த்தொற்று உயிருக்கே ஆபத்தாக முற்றும் செப்சிஸ் நிலையை முன்கணிக்கும் ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2021இல் பரிசோதித்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது கண்டுபிடிக்கவே இல்லை. அது பெரியவர்கள் விஷயத்தில். பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 140 இதயத் துடிப்பு இயல்பு; படுத்திருக்கும் பெரியவருக்கு அதுவே ஆபத்து. பெரியவர்களின் தரவில் பழகிய ஒன்றைக் குழந்தை வார்டில் மாட்டுவதற்கு முன்னால் அந்த வார்டிலேயே, அந்த வயதுக் குழந்தைகளிடமே அதைச் சோதித்தாக வேண்டும். இதைத் தாமதம் என்கிறார்கள். மருத்துவத்தில் இதற்கு வழங்கும் பெயர் பரிசோதனை.

சரி, வார்டிலிருந்து என்ன வந்துவிட்டது என்று கேட்பார்கள். நம் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டில் விசாரித்தால் ‘குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு நீல ஒளியில் படுக்கவைக்கும் அந்தச் சிகிச்சை எங்கே பிறந்தது? இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் உள்ள ராச்ஃபர்ட் பொது மருத்துவமனையில், 1956ஆம் ஆண்டுக் கோடையில். குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்ட். நல்ல வெயில் அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றும் வெளிச்சமும் படவைத்துத் திரும்பக் கொண்டுவருவது அவர் வழக்கம். ஒருநாள் மருத்துவர்கள் சுற்றுக்கு வந்தபோது, கொஞ்சம் தயக்கத்தோடு ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு முழுக்க வெளிறிய மஞ்சள்; ஒரு முக்கோண அளவுக்கு மட்டும் அடர்ந்த மஞ்சள். அந்த இடத்தில் எதைப் பூசினீர்கள் என்று கேட்டார் மருத்துவர் ஒருவர். ஒன்றும் பூசவில்லை என்றார் சிஸ்டர். போர்வையின் ஒரு முனை அந்த இடத்தை மூடியிருந்தது. வெயில் பட்ட மற்ற இடமெல்லாம் மஞ்சள் வெளிறிவிட்டது.

அதற்குப் பிறகு, ஜன்னலோரத்தில் வெயில் படும்படி விட்டுப்போன ஒரு ரத்தக் குழாயில் காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது ஆய்வகத்தில் தெரியவந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். விளக்குகளைப் பொருத்திய தொட்டில் ஒன்றைச் செய்தார்கள். 1958இல் ‘லேன்செட்’ இதழில் கட்டுரை வந்தது. கட்டுரையில் வேறு மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. ஆனால் தொடக்கம் சிஸ்டர் வார்டின் கண். அந்தக் கண்ணுக்குத் தேவைப்பட்டது என்ன? குழந்தையை முற்றத்துக்கு எடுத்துப்போகும் அளவுக்கு நேரம். துணி விலக்கி முழு உடம்பையும் பார்க்கும் பழக்கம். கண்டதை மருத்துவரிடம் சொன்னால் காது கொடுப்பார்கள் என்ற, பாதியளவாவது ஒரு நம்பிக்கை. எண்ண முடியாத குழந்தைகளை ஒரு நர்ஸ் சமாளித்துக்கொண்டிருக்கும் இரவில் அப்படியொரு முக்கோணத்தை யார் காண்பது?

டாக்காவின் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில். பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தின் மருத்துவமனையில் முகம்மது ஜோபயர் சிஸ்தி என்ற மருத்துவர், நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு ஷாம்பு பாட்டிலைக் கொண்டு ஒரு சுவாசக் கருவி அமைத்தார். மூக்கில் குழாய் வழியே ஆக்சிஜன் போகும். குழந்தை விடும் மூச்சு இன்னொரு குழாய் வழியாகப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் குமிழியாக வெளியேறும். குழாய் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் நுரையீரலுக்குள் நிற்கும், காற்றறைகள் மூடிக்கொள்ளாது. குமிழி முறை புதிதன்று, மேல்நாட்டு மருத்துவமனைகளில் அவர் பார்த்ததுதான். கையில் இருந்த பொருளில் அதைச் செய்ததும், செய்ததோடு நில்லாமல் முறையாகப் பரிசோதித்ததும் அவருடைய சாதனை. 2015இல் லேன்செட்டில் வெளியான ஆய்வில், வழக்கமான குறைந்த ஓட்ட ஆக்சிஜன் பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் 79 பேரில் 3 பேர்.

புதுமைப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். மலிவு, எளிது, வியப்பு. ஆனால் கதையின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. மலாவி நாட்டின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் 2015 முதல் 2018 வரை இதே தத்துவத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நிமோனியாவோடு எச்.ஐ.வி., கடும் ஊட்டச்சத்துக் குறைவு, ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்த நிலை போன்ற ஆபத்துகளும் சேர்ந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மருத்துவர்களின் அன்றாட மேற்பார்வை கிடையாது. பயிற்சி பெற்ற நர்ஸுகளும் மருத்துவ உதவியாளர்களும்தான் கருவியை இயக்கினார்கள். குறைந்த ஓட்ட ஆக்சிஜன் பெற்ற 323 குழந்தைகளில் 35 பேர் இறந்தார்கள். குமிழி முறை பெற்ற 321 பேரில் 53 பேர். டாக்காவில் சாவைக் குறைத்தது சலிமாவில் சாவைக் கூட்டியது.

இந்த இடத்தில் அவசரப்படாமல் நிற்க வேண்டும். சலிமாவின் ஊழியர்களைக் குறை சொல்வது அநியாயம். அவர்கள் இருந்ததைக்கொண்டு இயன்றதைச் செய்தார்கள். அழுத்தத்தோடு காற்றுப் போகும் குழந்தைக்கு வயிறு உப்பலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம், மூக்குக் குழாய் நழுவலாம், சோர்ந்துபோய் அடுத்த கட்டச் சிகிச்சை தேவைப்படலாம். இதையெல்லாம் மணிக்கு மணி பார்த்து முடிவெடுக்க ஆள் வேண்டும். டாக்காவில் அந்த ஆட்கள் இருந்தார்கள். அதாவது டாக்காவின் கண்டுபிடிப்பு ஷாம்பு பாட்டில் மட்டும் இல்லை. பாட்டிலும் அதைச் சுற்றி நின்ற மருத்துவர்களும் நர்ஸுகளும் சேர்ந்ததுதான் அது. பாட்டிலை மட்டும் ஏற்றுமதி செய்யலாம் என்று நினைப்பவர்கள்தான் இன்று புதுமைக்கு இலக்கணம் எழுதுகிறார்கள். விலை மலிவான கருவி என்றாலும் கோடி ரூபாய் மென்பொருள் என்றாலும் இந்த விதி ஒன்றுதான்.

விருதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘டிசைன் தட் மேட்டர்ஸ்’ என்ற அமைப்பு கார் உதிரிபாகங்களால் ஓர் இன்குபேட்டரை வடிவமைத்தது. ஹெட்லைட் சூடு தரும், கார் விசிறி காற்றைச் சுழற்றும், பழுதானால் கார் மெக்கானிக்கே சரிசெய்துவிடலாம். 2010இல் ‘டைம்’ இதழ் ஆண்டின் சிறந்த 50 கண்டுபிடிப்புகளில் அதைச் சேர்த்தது. படங்கள் உலகெங்கும் வந்தன. அது உற்பத்திக்கே போகவில்லை. தயாரிக்க யாரும் முன்வரவில்லை. அமைப்பின் தலைவர் திமத்தி பிரெஸ்டெரோ இதை மேடையேறி வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த முறை வியட்நாமில் உள்ள தயாரிப்பாளரோடு கைகோத்து, காமாலைக்கான ஒளிக் கருவியைச் செய்தார்கள். நர்ஸ் எப்படித் தவறாகப் பயன்படுத்த நேரும் என்பதை முதலில் கவனித்து வடிவமைத்த கருவி அது. மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் சென்னையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காமாலை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தாலும் ஒளி மங்கிப்போய்ப் பயனற்றுக் கிடப்பதைக் கண்ட ‘டி-ரெவ்’ என்ற அமைப்பு, நீண்ட நாள் உழைக்கும் எல்.இ.டி. விளக்கை வடிவமைத்தது. அதைத் தயாரித்து விற்கும் பொறுப்பைச் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் ஏற்றது. வெளியிலிருந்து வரும் பொறியாளர் செய்யக்கூடிய நல்ல வேலை இதுதான்: முதலில் வார்டுக்குப் போய், அங்கே எரிகிற விளக்கின் ஒளியை அளந்து பார்ப்பது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. எல்லாமே வார்டில் பிறந்துவிடுமா, ஆய்வகம் வேண்டாமா? வேண்டும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் குறைமாதத்தில் பிறந்து, நுரையீரல் விரியாமல், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டே நாளில் இறந்தான். அன்றைய நவீனக் கருவியான உயரழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்திருந்தும் பயனில்லை. உலகின் அதிகாரமும் பணமும் சேர்ந்தாலும் காப்பாற்ற முடியாத குழந்தைகளை இன்று நுரையீரல் மூடிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் மருந்து காப்பாற்றுகிறது. அது ஆய்வகத்தின் கொடைதான். ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தில் நிற்பவர் மேரி எல்லன் ஏவரி என்ற குழந்தை மருத்துவர். மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இல்லாததைக் கவனித்து, அந்தக் கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர் அவர். 1959இல் ஜெரி மீடுடன் சேர்ந்து காரணத்தை எழுதினார். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் பத்துக் குழந்தைகளுக்குச் சர்ஃபேக்டன்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் அனுமதி 1990இல்தான். கேள்வி வார்டிலிருந்து போனது. விடை வார்டுக்கே திரும்பிச் சோதிக்கப்பட்டது.

ரத்தப் புற்றுநோயும் அப்படியே. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்த முடிவை 1948இல் வெளியிட்டார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். இன்று வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட், வின்கிரிஸ்டின், மெர்காப்டோபியூரின், ஸ்டீராய்டு என இன்றைக்கும் சிகிச்சையின் முதுகெலும்பாக இருப்பவை 1970க்கு முன்பே கைக்கு வந்த மருந்துகள். பிறகு இத்தனை உயரத்துக்கு ஏறியது எப்படி? எந்த மருந்தை எதனோடு, எந்த அளவில், எத்தனை மாதம் என்று மருத்துவமனைகள் கூட்டுச் சேர்ந்து, ஆய்வுமேல் ஆய்வாக, குழந்தை குழந்தையாகக் கணக்கு வைத்தன. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட முடியாத வேலை. ஆகவே அதைப் புதுமை என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நர்ஸின் கண் போதும், ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கொடுத்தார்கள். நவீனமான, அன்பான சிகிச்சை. உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகளின் பார்வை போனது. ஆக்சிஜன்தான் காரணம் என்று மெல்பர்னின் கேட் கேம்ப்பெல் 1951இல் எழுதினார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் இதைச் சோதித்தபோது, ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தை செத்துவிடும் என்று பயந்த சில நர்ஸுகள் இரவில் ரகசியமாகத் திறந்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்களா? குழந்தைமீது உயிரையே வைத்திருந்தவர்கள். ஆனாலும் அந்த அன்பு கண்ணைப் பறித்திருக்கும். 1953-54இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுதான் தீர்ப்புச் சொன்னது. வார்டில் கண் வேண்டும், அந்தக் கண்ணையும் கருவியையும் சேர்த்துச் சோதிக்கும் முறையும் வேண்டும். இரண்டையும் தாண்டிக் குதிக்கச் சொல்லும் வேகத்தைத்தான் எதிர்க்கிறேன்.

சந்தை சின்னது, லாபம் இல்லை, ஆகவே சலுகை தந்தால்தான் நிறுவனங்கள் வரும் என்ற வாதத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தலையில் நீர் சேரும் குழந்தைகளுக்குப் பொருத்தும் ஷன்ட் குழாயை உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாரிக்கிறார்கள். சாப்ரா ஷன்ட் என்று பெயர். உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அறுவை மருத்துவர் அதையும் மேல்நாட்டு ஷன்ட் ஒன்றையும் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார். ஒன்று 35 டாலர், மற்றது 650 டாலர். ஓராண்டு முடிவில் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சலுகை கொடுக்கத் தெரிந்த அரசுகள் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு எவ்வளவு கொடுக்கின்றன?

விற்க யாரும் இல்லாத புதுமையின் கதியைக் கங்காரு பராமரிப்பில் பார்க்கலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் நோய்த்தொற்று பரவிய வார்டில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். பிறந்தவுடனேயே, குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல் அதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது 2021இல். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகள். முதல் 28 நாட்களுக்குள் சாவு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆய்வு நடந்த மருத்துவமனைகளில் டில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஒன்று. அங்கே உண்மையில் மாறியது என்ன தெரியுமா? பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பிரசவித்த பெண்ணைக் கவனிக்கும் ஊழியர்களும் குழந்தையைக் கவனிக்கும் ஊழியர்களும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். நம் ஊரில் இன்றும் தாய் ஒரு தளத்தில், குழந்தை இன்னொரு தளத்தில், கையில் பாலோடு பாட்டி இரண்டு தளத்துக்கும் நடுவே படியேறிக்கொண்டிருக்கும் மருத்துவமனைகள் உண்டு. அந்தப் படிகளை ஒழிப்பதும் தொழில்நுட்பம்தான். அதை விற்க ஒரு நிறுவனம் இருந்திருந்தால் 43 ஆண்டுகள் ஆகியிருக்காது.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் குழந்தைகள் மாற்றி அனுப்பப்படுகிறார்கள். 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே ஆம்புலன்ஸ் ஓடுகிறது. பிட்ஸ்பர்க்கின் கணக்கில் இறந்தவர்களும் இப்படி மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகள்தான். நம் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறும் காலம் இது. மாறட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வழியில் வரும் குழந்தைக்கு மருந்து உத்தரவு போட முடியுமா, இரவு இரண்டு மணிக்குத் திரை உறைந்தால் காகிதத்துக்குத் திரும்ப யாருக்கு அதிகாரம், முதல் மூன்று மாதச் சாவுக் கணக்கை யார் எடுத்து யாரிடம் கொடுப்பார்கள் என்று அந்த வார்டின் தலைமை நர்ஸ் எழுத்தில் கேட்க வேண்டும். அவருக்கு எழுத்தில் பதில் வர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் நிறுத்திவைக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

பழுதுபார்க்கும் ஆளைப் பற்றி எந்த மாநாட்டிலும் பேசுவதில்லை. வருமானம் குறைந்த 16 நாடுகளின் 1,12,040 மருத்துவக் கருவிகளின் கணக்கை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், 38.3 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன. புதுக் கருவிக்கு நன்கொடை கிடைக்கும். அதன் சென்சார் வயருக்குக் கிடைக்காது. குழந்தைக்குச் சூடு தரும் வார்மரின் வெப்பநிலை சென்சார் கெட்டுப்போய், பிளாஸ்டரால் ஒட்டி ஒப்பேற்றும் வார்டுக்கு இன்னொரு வார்மர் வாங்கித் தருவது உதவியாகாது. வார்டுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியனும், உதிரிபாகத்துக்கென்று தொட முடியாமல் ஒதுக்கிய பணமும் தேவை. பெங்களூருவின் நாராயணா நேத்ராலயாவில் ஆனந்த் வினேகர் 2008இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கர்நாடக மாவட்டங்களுக்குப் போய்க் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள்; படத்தைப் பார்த்து முதல்கட்டத் தரம் பிரிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கேமரா ஒரு செலவு. டெக்னீஷியனை உருவாக்கி, அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, சம்பளம் கொடுத்து வைத்திருப்பது இன்னொரு செலவு. இரண்டாவது செலவைச் செய்யாத இடத்தில் முதலாவது வீண்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். அதைச் சம்பளத் தகராறு என்று ஒதுக்கிவிட்டு, அதே வாரத்தில் குழந்தைகள் நலனில் புதுமைக்கென்று மையம் அறிவிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குமிழி முறை ஓடும் ஒவ்வொரு கட்டிலுக்கும் இரவுப் பணியில் ஆள் இருக்கிறதா என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். இல்லாத இடங்களில் அந்தப் பணியிடங்களை நிரப்புங்கள். புதுமை மையத்தின் முதலாண்டு நிதியிலிருந்தே நிரப்புங்கள்.